நான்கு மணி முப்பத்தெட்டு நிமிடம்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு.
டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டில் என் ஸ்டூடியோ.
கீழே ரப்பர் வேகும் நேரத்தில்
குரல் பதிவதில்லை,
ஒட்டுவேலை மட்டும்தான்.

இன்று ஒட்டவேண்டியது நான்கு குரல்கள்.
இரவு அணை திறக்கிறார்கள்.
ஆறு மணிக்கு ஜீப் கிளம்புமாம்.
பென்டிரைவ் ரெடியா ரெடியா என்று
ஆய்வாளர் மூன்று முறை கேட்டுவிட்டார்.
தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம்.
கரையோரம் இருப்பவர்கள் கவனத்திற்கு.

தமிழ் என் குரல். அது முன்பே கிடக்கிறது.
தெலுங்கு, வேப்பனப்பள்ளி வெங்கடலட்சுமி
வாட்ஸப்பில் அனுப்பியது.
இழுத்துப் போட்டேன்.
டீ குடிக்க எழுந்தபோது கர்சரை எங்கே விட்டேனோ
அங்கேயே போய் விழுந்தது,
என் வாக்கியத்தின் வயிற்றில்.
'மேடான' என்று நான் மூச்சிழுக்க
'நீள்ளு' என்கிறாள் அவள்.
பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.
பஸ் ஸ்டாண்டில் இப்படித்தானே பேசிக்கொள்கிறோம்.
ஆனால் ஓடத் தயாராய் நிற்பவர் காதில்
ஒரு நேரத்துக்கு ஒரு சொல்தான் நுழையும்.

செட்டிங்ஸுக்குள் போனேன்.
வருகிற ஃபைல் எங்கே இறங்கட்டும் என்கிறது.
தொடக்கத்திலா,
கர்சர் நிற்கும் இடத்திலா,
அது பிறந்த நேரத்திலா.
பிறந்த நேரமா, ஜாதகமா எழுதப்போகிறது என்று
விளையாட்டாய் அதைத் தட்டிவைத்தேன்.

அடுத்து அஃப்ரோஸ் பாயின் உருது.
பழையபேட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவர்,
ரெக்கார்டரே தனியாக வைத்திருக்கிறார்.
போட்டேன். காணோம்.
மறுபடி போட்டேன். மறுபடி.
டிராக்கில் பெயர் இருக்கிறது, ஆளில்லை.
திரையைச் சுருக்கினேன், இன்னும் சுருக்கினேன்,
என் மூன்று நிமிட வேலை
கடுகாகி இடது ஓரம் ஒதுங்கியபின்
வலதுகோடி வெட்டவெளியில்
ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று கீற்று.
நான்கு மணி முப்பத்தெட்டு நிமிடம்.

வீடு தூங்கும்போது எழுந்து பேசியிருக்கிறார்.
பக்கத்துப் படுக்கையை எழுப்பாத குரல்.
முடிவில் எங்கோ தூரத்தில்
பாங்கு சொல்லப்போகிறவர்
மைக்கை ஒருமுறை தட்டிப்பார்க்கிறார்.
போன் செய்தேன்.
'என்னம்மா, தொலைஞ்சு போயிட்டேனா?'
'இல்ல பாய், நாலரை மணி நேரம் தள்ளி நிக்கிறீங்க.'
'மண்டபத்துலயும் இதையேதான் சொல்றாங்க.'

கன்னடத்துக்குப் பாடம் படித்துவிட்டேன்.
கர்சர் நிற்கும் இடம் என்று மாற்றி,
புது டிராக் திறந்து,
உருது முடிந்து இரண்டு விநாடி தள்ளி
கர்சரை ஊன்றிவிட்டுத்தான் தொட்டேன்.
சரியாக இறங்கியது.
தேன்கனிக்கோட்டை பசவய்யாவின் சின்னக் குரல்,
அதன் பின்னால் மழை.
எங்கேயும் மழையில்லாத நாளில்
ஓட்டுக்கூரையில் பெய்கிற மாதிரி.

'மழை இல்லீங்க, புழு.
நாலு ஜுரம் தாண்டிடுச்சு,
ராப்பகலா தழை தின்னுது.
கொட்டகைய விட்டு நகர முடியல,
அங்கயே பேசிட்டேன்.'
இரைச்சலை நீக்கும் பட்டன்மேல்
கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன்.
பிறகு எடுத்துவிட்டேன்.

தண்ணீரும் கர்சர் மாதிரிதான்.
போனமுறை எங்கே நின்றதோ
அந்த இடம் அதற்கு ஞாபகமிருக்கிறது.
காவேரிப்பட்டணத்தில் என் சின்ன நாத்தனார் வீட்டுச் சுவரில்
ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே
அந்தச் சேற்றுக்கோடு.
இரண்டு முறை வெள்ளையடித்தும் தெரிகிறது.
முதல் போன் அவளுக்குத்தான் போட்டேன், ஜீப்புக்கு முன்னால்.

ஆறேகாலுக்குக் கிளம்பினார்கள்.
என் குரல் வாசலில் தொடங்கி,
வெங்கடலட்சுமி ரவுண்டானா பக்கம் திரும்பி,
பாயின் குரலை ஒரு லாரி விழுங்கி,
பசவய்யா எனக்குக் கேட்கவில்லை.

அணைக்கும்முன் கோடிக்குப் போனேன்.
மூன்று கீற்றில் ஒன்றை முன்பே எடுத்தாகிவிட்டது.
ஒன்றை அழித்தேன்.
இன்னொன்று அங்கேயே இருக்கட்டும்.